“செல்லும்” என்கிறார்கள் வக்கீல்கள், யாருக்குச் செல்லும்?

அமெரிக்க வால் ஸ்டிரீட்டில் “வெற்றுச் செக் கம்பெனி” என்று ஒரு சரக்கு உண்டு. ஸ்பாக் என்று செல்லப் பெயர். 2020-ல் இப்படிப்பட்ட கம்பெனிகள் 248 பங்குச் சந்தைக்கு வந்தன; 8,300 கோடி டாலர் திரட்டின. 2021-ல் 613 வந்தன. 16,200 கோடி டாலருக்கு மேல் திரட்டின. பிறகு அடுக்கடுக்காகத் திவால். இரண்டு மூன்று வருஷம் வாயை மூடிக் கொண்டிருந்தவர்கள் 2025-ல் மறுபடியும் கடை விரித்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட புதிய வெற்றுச் செக் கம்பெனிகள் கிளம்பின.

பணத்தைப் பறிகொடுத்தவன் கேள்வி கேட்டால் கனவான்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. “யூனிட் சட்டப்படி செல்லும். வாரண்டு சட்டப்படி செல்லும். பெரிய வக்கீல் ஸ்தாபனம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் சர்க்கார் தஸ்தாவேஜில் இருக்கிறது. விளம்பரப் பத்திரத்தைப் படித்துத்தானே பணம் போட்டாய்? இப்போது ஏன் ஒப்பாரி வைக்கிறாய்?” என்கிறார்கள். அந்தக் கடிதம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைத்தான் நாம் இங்கே எடுத்துக் கொள்கிறோம்.

முதலில் வாரண்டு என்ற வார்த்தை. நமது தோழர்களுக்கு வாரண்டு என்றால் விடியற்காலையில் போலீஸ்காரர் கொண்டு வந்து நீட்டுகிற காகிதம்தான் ஞாபகம் வரும். இது வேறு. பின்னால் ஒரு நாள், குறிப்பிட்ட விலையில், கம்பெனியின் ஒரு பங்கை வாங்கிக் கொள்ளும் உரிமைச் சீட்டு இது. வெற்றுச் செக் கம்பெனியின் யூனிட் ஒன்று சாதாரணமாக 10 டாலர். அதற்குள் ஒரு முழுப் பங்கும், ஒரு வாரண்டில் பாதியோ மூன்றில் ஒன்றோ இருக்கும். விற்பனை முடிந்து, பெரும்பாலும் 52-வது நாளில், யூனிட்டைப் பிரித்துப் பங்கைத் தனியாகவும் வாரண்டைத் தனியாகவும் விற்கலாம். முழு வாரண்டு ஒன்று இருந்தால் பங்கை 11 டாலர் 50 சென்டுக்கு வாங்கலாம். பங்கின் விலை அதற்கு மேலே போனால் லாபம். போகாவிட்டால் சீட்டு வெறும் சீட்டு.

மூன்றில் ஒன்று என்கிறார்களே, அதிலும் ஒரு வேடிக்கை. பத்து யூனிட் வாங்கியவனுக்கு மூன்றேகால் வாரண்டுக்கு மேல் சேர வேண்டும் அல்லவா? சேராது. முழு வாரண்டு மட்டுமே தருவார்கள். மூன்று கிடைக்கும், மிச்சம் போயிற்று. ரேஷன் கடைத் தராசில் கூட இவ்வளவு தைரியம் கிடையாது.

கடிதம் சொல்வதும் சொல்லாததும்

1933-ம் வருஷத்து அமெரிக்கப் பங்குப் பத்திரச் சட்டத்தின்படி பொதுமக்களுக்குப் பங்கு விற்கிற கம்பெனி கமிஷனிடம் பதிவுப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அதோடு வக்கீலின் சட்ட அபிப்பிராயக் கடிதம் ஒன்றையும் இணைக்க வேண்டும் என்பது விதி. அதில் என்ன இருக்க வேண்டும் என்று கமிஷனின் அதிகாரிகள் 2011-ல் ஒரு சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறார்கள். பங்கைப் பற்றி மூன்று விஷயம்: முறைப்படி வெளியிடப்பட்டது, முழு விலையும் செலுத்தப்பட்டது, வைத்திருப்பவனிடம் அதற்கு மேல் பாக்கி கேட்க முடியாது. வாரண்டைப் பற்றியும் யூனிட்டைப் பற்றியும் ஒரே விஷயம்: இது கம்பெனியைக் கட்டுப்படுத்தும் கடமை. அதுவும் எந்த மாநிலச் சட்டப்படி என்று குறிப்பிட வேண்டும். வாரண்டுக்குப் பெரும்பாலும் நியூயார்க் சட்டம், பங்குக்குக் கம்பெனி பதிவான இடத்துச் சட்டம்.

இவ்வளவுதான். இதிலும் விலக்குகள் உண்டு. திவால் சட்டம் குறுக்கே வந்தால் வேறு, நீதிமன்றத்தின் நியாயக் கோட்பாடுகள் குறுக்கே வந்தால் வேறு என்று எழுதி வைப்பார்கள். கையெழுத்துகள் உண்மையானவை என்று வைத்துக் கொண்டோம், நகல்கள் அசலோடு பொருந்துகின்றன என்று வைத்துக் கொண்டோம் என்று வரிசையாக “வைத்துக் கொண்டோம்” வரும்.

நமது ஊரில் நிலம் வாங்குகிறவன் சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போகிறான். முத்திரைத்தாள் சரி, சாட்சிக் கையெழுத்து சரி, பத்திரம் செல்லும். ஆனால் கிணற்றில் தண்ணீர் உண்டா என்று பத்திரம் சொல்லாது. நிலம் களரா கரிசலா என்றும் சொல்லாது. விற்றவன் பொய் சொன்னானா என்று ரிஜிஸ்திரார் கேட்பதில்லை. வக்கீலின் கடிதமும் அதே ஜாதிதான். கமிஷனும் இந்தப் பங்கு நல்லது என்று சொல்வதில்லை. கமிஷன் இதை அங்கீகரிக்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை என்று விளம்பரப் பத்திரத்தின் முகப்பிலேயே அச்சிட்டிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்படியிருக்க, “செல்லும்” என்ற ஒரு வார்த்தையைத் தூக்கிப் பிடித்து, “ஆகவே நியாயம்” என்று முடிப்பது பித்தலாட்டம்.

அந்த ஒரு வார்த்தையாவது உறுதியாக நின்றதா? நிற்கவில்லை.

2021 ஏப்ரலில் கமிஷன் அதிகாரிகள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்த வாரண்டுகளில் பலவற்றை மூலதனக் கணக்கில் எழுதியது தவறு, கடன் பொறுப்பாக எழுத வேண்டியிருக்கலாம் என்றார்கள். நூற்றுக்கணக்கான கம்பெனிகள் கணக்கைத் திருத்தி எழுதின. வாரண்டு செல்லும் என்று வக்கீலுக்குத் தெரிந்தது. அது வரவா கடனா என்று கணக்கருக்குத் தெரியவில்லை! இதை நம்பித்தான் சாதாரண ஜனங்கள் பணம் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த அடி இதைவிடப் பெரிது. 2022 டிசம்பரில் டெலாவேர் மாநில நீதிமன்றம் பாக்ஸ்டு என்ற கம்பெனி சம்பந்தப்பட்ட விவகாரத்தில் ஒரு தீர்ப்புச் சொன்னது. வெற்றுச் செக் கம்பெனி ஒரு நிஜக் கம்பெனியோடு சேரும்போது புதுப் பங்குகள் ஏராளமாக வெளியிட வேண்டும். அதற்குச் சாசனத்தைத் திருத்த வேண்டும். பொதுமக்கள் கையில் இருப்பது ‘ஏ’ பங்கு. ஸ்தாபகர்கள் கையில் இருப்பது ‘பி’ பங்கு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி வோட்டு எண்ணிவிட்டு, தீர்மானம் நிறைவேறியது என்று அறிவிப்பது பல கம்பெனிகளின் வழக்கம். ‘ஏ’ பங்கின் எண்ணிக்கையை உயர்த்த ‘ஏ’ பங்குக்காரர்கள் தனியாக வோட்டுப் போட்டிருக்க வேண்டும் என்ற வாதத்தில் பலம் இருக்கிறது என்று நீதிமன்றம் கருதியது. அவ்வளவுதான், பீதி கிளம்பியது. சந்தையில் கைமாறிக் கொண்டிருந்த கோடிக்கணக்கான பங்குகள் செல்லுமா செல்லாதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

உடனே என்ன செய்தார்கள்? டெலாவேர் கம்பெனிச் சட்டத்தில் 205-வது பிரிவு இருக்கிறது. குறையுள்ள காரியத்தை நீதிமன்றம் பின்தேதியிட்டுச் செல்லுபடியாக்கலாம். கம்பெனிகள் வரிசையாக மனுவோடு நின்றன. 2023 பிப்ரவரியில் முதல் மனுவுக்கு அனுமதி கிடைத்தது. பங்கு வைத்திருப்பவர்களுக்கும் கம்பெனிக்கும் குழப்பம் நேரக்கூடாது என்று நீதிமன்றம் கருதியது. வைத்திருந்த சாதாரண மனிதனுக்கும் அதனால் நன்மை உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் பொதுஜனப் பங்குக்காரனைத் தனியாக வோட்டுக் கேட்காமல் நடத்திய காரியம், பிறகு ஒரே உத்தரவில் ஆதிமுதல் செல்லுபடியாகிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். வாடகை கட்ட மூன்று நாள் தாமதித்த தொழிலாளிக்கு எந்த நீதிமன்றம் பின்தேதியிட்டு ரசீது கொடுத்திருக்கிறது?

அந்த முதல் மனுவைப் போட்ட கம்பெனி எது தெரியுமா? லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ். அந்தப் பெயரை உழைப்பாளி மக்கள் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும்.

லார்ட்ஸ்டவுன்

ஓஹயோ மாநிலத்தில் லார்ட்ஸ்டவுன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1966-ல் ஒரு கார்த் தொழிற்சாலை திறந்தது. 1972-ல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் உலகப் பிரசித்தம். மணிக்கு நூறு கார் வீதம் ஓடவிட்ட அசெம்பிளி வரிசையின் வேகத்தை எதிர்த்து, பெரும்பாலும் இளம் தொழிலாளிகள், கருவிகளைக் கீழே வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊர். 2017-ல் ஜனாதிபதி டிரம்ப் பக்கத்து நகரமான யங்ஸ்டவுனுக்கு வந்து, வேலைகள் எல்லாம் திரும்பி வரும், யாரும் வீட்டை விற்காதீர்கள் என்று பிரசங்கம் செய்தார். 2019 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தியது. வீட்டை விற்காதவர்களும் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று.

அந்தக் கட்டடத்தை அதே வருஷம் நவம்பரில் லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ் என்ற புதுக் கம்பெனி வாங்கியது. மின்சார டிரக் செய்யப் போகிறோம் என்றது. டைமண்ட்பீக் என்ற வெற்றுச் செக் கம்பெனி 2020 அக்டோபரில் அதோடு இணைந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு டிரக்கின் மாதிரி ஒன்றை வெள்ளை மாளிகைக்கே கொண்டு போய் நிறுத்தி, ஜனாதிபதி பார்வையிட, படம் எடுத்தார்கள். 2021 ஜனவரியில், ஒரு லட்சம் டிரக்குகளுக்கு முன்பதிவு வந்துவிட்டது என்று முழங்கினார்கள். மார்ச்சில் ஹிண்டன்பர்க் என்ற ஆராய்ச்சிக் கம்பெனி அந்த முன்பதிவுகளின் யோக்கியதையை அம்பலப்படுத்தியது. ஜூனில் நிர்வாகத் தலைவரும் நிதித் தலைவரும் ராஜிநாமா செய்தார்கள். முன்பதிவு பற்றிய கூற்றுகளில் சில சரியல்ல என்று கம்பெனியின் சொந்த விசாரணைக் குழுவே ஒப்புக் கொண்டது. 2022-ல் தொழிற்சாலை பாக்ஸ்கான் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2023 ஜூனில் திவால் மனு. 2024 பிப்ரவரியில், முதலீட்டாளர்களுக்குத் தவறான தகவல் கொடுத்ததாகக் கமிஷன் நடவடிக்கை எடுத்தது.

தேதிகளை வாசகர்கள் சேர்த்துப் பார்க்கட்டும். பிப்ரவரியில் பங்குகள் செல்லும் என்று தீர்ப்பு. ஜூனில் கம்பெனி திவால். நான்கு மாதம்! சட்டப்படி குறையற்ற பங்கு. டிரக்கு எங்கே? ஒரு லட்சம் என்று முழங்கியவர்கள் விற்பனைக்குச் செய்து முடித்தவை சில டஜன்கள். 1972-ல் மணிக்கு நூறு கார் செய்ய மாட்டோம் என்று சொன்ன தொழிலாளியைச் சோம்பேறி என்று திட்டிய பத்திரிகைகள் இதற்கு என்ன பெயர் வைக்கும்?

உமியும் அவலும்

நான் உமி கொண்டு வருகிறேன், நீ அவல் கொண்டு வா, இரண்டையும் கலந்து ஊதித் தின்னலாம் என்றானாம் ஒருவன். வெற்றுச் செக் கம்பெனியின் ஸ்தாபகர்கள் கொண்டு வரும் உமியின் விலை வழக்கமாக 25,000 டாலர். அதற்கு அவர்களுக்குக் கிடைப்பது மொத்தப் பங்கில் 100-க்கு 20. கணக்குப் போட்டால் ஒரு பங்கு அரை சென்டுக்கும் குறைவு. அதே பங்கின் பொதுமக்கள் விலை 10 டாலர். இதைத் தவிர, ஆரம்பச் செலவுக்காகச் சில பத்து லட்சம் டாலர் போட்டுத் தனி வாரண்டுகள் வாங்குகிறோம், அது எங்கள் ரிஸ்க் என்று அவர்கள் பெருமை பேசுவது உண்டு. இருக்கட்டும், ரிஸ்க் எடுத்தவனுக்குக் கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்கா?

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். பொதுமக்கள் 100 யூனிட்டுக்கு 1,000 டாலர் கொடுத்திருக்கிறார்கள். அது டிரஸ்டுக் கணக்கில் இருக்கிறது. ஸ்தாபகர் கையில் 25 பங்கு. மொத்தம் 125 பங்கு, பணம் 1,000. அதாவது பங்குக்கு 8 டாலர்தான் இருக்கிறது. பத்து எங்கே போயிற்று என்று கேட்கக்கூடாது. பிறகு ஏதோ ஒரு நிஜக் கம்பெனியோடு சேரும் நாள் வருகிறது. விருப்பமில்லாதவர்கள் பங்கைத் திருப்பிக் கொடுத்து 10 டாலரை வட்டியோடு வாங்கிக் கொள்ளலாம் என்பது விதி. 75 பேர் வாங்கிக் கொண்டு போய்விட்டார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். மிச்சம் 250 டாலர், பங்குகள் 50. பங்குக்கு 5 டாலர். விற்பனை செய்து கொடுத்த பாங்கிகளுக்கு நிலுவைக் கமிஷன் 100-க்கு மூன்றரை வீதம் தர வேண்டும். அதுவும் மிச்சமிருக்கிற 250-க்கு அல்ல, முதலில் திரட்டிய 1,000-க்கு! 35 டாலர் போனால் 215. பங்குக்கு 4 டாலர் 30 சென்டு. இனிமேல்தான் வாரண்டுகள் வந்து மோதும்.

திருப்பிக் கொடுத்த அந்த 75 பேர் யார்? பெரும்பாலும் ஹெட்ஜ் நிதி ஸ்தாபனங்கள். அவர்களுக்குத்தான் இந்த வாரண்டு என்ற வெல்லக்கட்டியே கண்டுபிடிக்கப்பட்டது. யூனிட் வாங்குகிறார்கள், பிரிக்கிறார்கள், பங்கைக் கொடுத்துப் பத்து டாலரையும் வட்டியையும் வாங்கிக் கொள்கிறார்கள், வாரண்டு கையில் சும்மா மிச்சம். கம்பெனி உருப்பட்டால் வாரண்டில் லாபம். உருப்படாவிட்டால் அவர்களுக்கு ஒரு சல்லி நஷ்டமில்லை. அந்த வாரண்டின் பாரம் யார் தலையில்? திருப்பிக் கொடுக்காமல், டெலிவிஷனில் வந்த நட்சத்திரத்தையோ மந்திரியையோ நம்பி, பங்கை வைத்துக் கொண்டிருந்த ஆசிரியர், டிரைவர், ஓய்வு பெற்ற தொழிலாளி தலையில். 2019, 2020-ல் இணைந்த கம்பெனிகளைச் சட்டப் பேராசிரியர்கள் ஆராய்ந்தபோது, இணைப்பு நடக்கும் தருணத்தில் பங்குக்கு இருக்க வேண்டிய பத்து டாலரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ காணவில்லை என்று தெரிந்தது.

மல்டிபிளான் கதையைப் பாருங்கள். சர்ச்சில் என்று பெயர் வைத்துக் கொண்ட ஒரு வெற்றுச் செக் கம்பெனி 2020 பிப்ரவரியில் 110 கோடி டாலர் திரட்டி, அக்டோபரில் மல்டிபிளானோடு இணைந்தது. மல்டிபிளானின் மிகப் பெரிய வாடிக்கையாளரான யுனைடெட் ஹெல்த், அதே வேலையைச் சொந்தமாகச் செய்ய ஏற்பாடு செய்து கொண்டிருந்தது. பங்குக்காரர்களுக்கு இது சொல்லப்படவில்லை என்று வழக்கு. ஸ்தாபகர்கள் 25,000 டாலருக்கு வாங்கிய பங்குகளின் சந்தை மதிப்பு இணைப்புச் சமயத்தில் 30 கோடி டாலருக்கு மேல். 2022 ஜனவரியில் டெலாவேர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை இருந்தால் போதாது, உண்மை தெரிந்து முடிவு செய்யும் நிலைமையும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு 3 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம். இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவர்களுடைய யூனிட்டும் “செல்லும்” யூனிட்தான்!

வாரண்டாவது கையில் இருக்கிறதே என்று சாதாரண மனிதன் நினைக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கம்பெனி யாரோடும் சேராவிட்டால் பங்குக்குப் பணம் திரும்பும். வாரண்டுக்கு ஒன்றும் இல்லை. சேர்ந்து, பங்கு 18 டாலரைத் தாண்டி, 30 சந்தை நாட்களில் 20 நாள் அங்கேயே நின்றால், கம்பெனி ஒரு நோட்டீஸ் கொடுத்து வாரண்டை ஒரு சென்டுக்குத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறது. நோட்டீசை உடனே படித்து வாரண்டைப் பயன்படுத்தியவன் தப்பினான். படிக்காதவன் கையில் ஒரு சென்டு. பெரிய ஸ்தாபனத்துக்கு நோட்டீஸ் படிக்கவே சம்பளத்துக்கு ஆள் உண்டு. இரவு ஷிப்டு பார்க்கிறவனுக்கு யார் இருக்கிறார்கள்?

2022-ல் கெட்டி இமேஜஸ் கம்பெனியின் பங்கு திடீரென்று ஏறியது. வாரண்டு வைத்திருந்தவர்கள் பங்கு கேட்டார்கள். பதிவு நடைமுறை இன்னும் முடியவில்லை, தர முடியாது என்றது கம்பெனி. ஏற்றம் இறங்கிப் போயிற்று. 2023 அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், கம்பெனி ஒப்பந்தத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. கம்பெனி அப்பீலுக்குப் போயிற்று. வழக்குப் போட்டவர்கள் யார்? வக்கீல் வைக்க வசதியுள்ள முதலீட்டு ஸ்தாபனங்கள். “கம்பெனியைக் கட்டுப்படுத்தும் கடமை” என்று கடிதத்தில் எழுதியிருக்கிறதே, அந்தக் கட்டுப்பாட்டை அமல் நடத்தவே லட்சக்கணக்கான டாலர் வேண்டும் என்றால், நூறு வாரண்டு வைத்திருப்பவனுக்கு அந்தக் கடிதம் எதற்கு?

“சாதாரண மக்களுக்கும் பெரிய முதலாளிகளைப் போல ஆரம்பத்திலேயே முதலீடு செய்யும் வாய்ப்பைத் திறந்துவிட்டோம்” என்பது அவர்களுடைய கடைசி வாதம். இதுவும் பொய். நேரடியாகச் சந்தைக்கு வருகிற கம்பெனி எதிர்கால லாபத்தைப் பற்றி இஷ்டத்துக்கு அளந்துவிட்டால் வழக்கில் மாட்டிக் கொள்ளும். அதனால் வாயை அடக்கும். வெற்றுச் செக் வழியாக வருகிறவர்களோ, 2030-ல் இத்தனை கோடி, 2035-ல் இத்தனை கோடி என்று அள்ளி வீசினார்கள். சட்டப் பாதுகாப்பு எங்களுக்கு உண்டு என்றார்கள். திறந்துவிட்டது வாய்ப்பின் கதவையா, பொய்யின் மடையையா? இந்தச் சலுகையை 2024 ஜனவரியில்தான் கமிஷன் ரத்து செய்தது. பங்கின் மதிப்பு எவ்வளவு கரையும், ஸ்தாபகர்களுக்கு எவ்வளவு போகும் என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும் விதித்தது. நல்லதுதான். ஆனால் இணைப்பில் பங்கு பெறும் பாங்கிகளையும் சட்டப்படி பொறுப்பாளிகளாக்கும் தனி விதி ஒன்றை 2022-ல் முன்மொழிந்திருந்தார்கள். இறுதியில் அந்த விதி காணாமல் போயிற்று; வழிகாட்டுதல் மட்டும் மிஞ்சியது. கமிஷன் வாங்கியவன் கூலியை எடுத்துக் கொண்டு போகலாம், பொறுப்பு வேண்டாம்!

இது அமெரிக்காக்காரன் விவகாரம், நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் கிப்ட் சிட்டி என்ற சர்வதேச நிதி மையம் இருக்கிறது. அங்கே வெற்றுச் செக் கம்பெனிகளைப் பட்டியலிட 2021-லேயே விதிகள் செய்து வைத்தாயிற்று. அதே வருஷம் ரென்யூ பவர் என்ற இந்திய மின்சாரக் கம்பெனி, அமெரிக்க வெற்றுச் செக் கம்பெனி ஒன்றின் வழியாக நாஸ்டாக் சந்தைக்குப் போயிற்று. 2022-ல் மத்திய சர்க்காரின் கம்பெனிச் சட்டக் கமிட்டி, இந்த ரகத்துக்குக் கம்பெனிச் சட்டத்திலேயே இடம் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது. ஆகவே கேட்க வேண்டிய காலம் இதுதான். விளம்பரப் பத்திரத்தின் முதல் பக்கத்தில், பத்து ரூபாய்க்கு நிகரப் பணம் எத்தனை ரூபாய் என்று பெரிய எழுத்தில் அச்சிடுவார்களா? பணத்தைத் திருப்பிக் கேட்பவன் வாரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்வார்களா? ஸ்தாபகர்களின் பங்கு, பொதுமக்கள் போட்ட பணம் திரும்பிய பிறகே அவர்கள் கைக்குப் போகும் என்று எழுதுவார்களா? பாங்கியின் கமிஷனை, மிஞ்சிய பணத்துக்கு மட்டும் கணக்கிடுவார்களா? பார்லிமெண்டில் இந்த நான்கு கேள்விகளுக்கும் மந்திரி பதில் சொல்லும் வரை கிப்ட் சிட்டியில் ஒரு யூனிட் கூட விற்கப்படக் கூடாது என்று நாம் கோருகிறோம்.